சீரியஸா இருக்காக, ஒடனே வா

எங்கள் வீட்டில் அந்த வார்த்தைக்கு ஓய்வே கிடையாது. கல்லூரிக்குப் போகும் என் மகளுக்குக் குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் "சீரியஸ்லி?"தான், நான் புதுச்சேலை கட்டினாலும் "சீரியஸ்லி?"தான். எது கேள்வி, எது கேலி என்று புருவத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். என் வீட்டுக்காரர் "சீரியஸா சொல்றேன்" என்று ஆரம்பித்தால் அடுத்து வருவது பொய் என்று இருபத்திரண்டு வருட அனுபவத்தில் தெரிந்துகொண்டேன். தேனியில் நான் வேலை பார்க்கும் காய்கறி கமிஷன் கடையில் நாள் முழுக்க போன்தான். கேரளாவிலிருந்து பேசுகிறவர்களிடம், "சீரியஸா கேக்குறீகளா, சும்மா வெல தெரிஞ்சுக்கக் கேக்குறீகளா?" என்று நானே முகத்துக்கு நேராகக் கேட்டுவிடுவேன். எனக்குக் கொஞ்சம் வாய் அதிகம்.

ஆனால் எங்கள் பக்கம் அந்த வார்த்தைக்கு இன்னொரு வேலை இருக்கிறது. ஒருவர் இறந்துவிட்டால், வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கு அதை அப்படியே சொல்ல மாட்டோம். "சீரியஸா இருக்காக, ஒடனே வா" என்போம். தனியாக வருகிறவன் வழியில் உடைந்துபோய்விடக் கூடாது என்பதுதான் எண்ணம். இது ஊருக்கே தெரிந்த பொய். தெரிந்திருந்தும், நம் வீட்டு விஷயம் என்று வரும்போது ஏதோ ஒரு ஓரத்தில் நம்பித்தான் தொலைக்கிறோம்.

என் அம்மா ஒரு காலையில், ஆறு மணி சுமாருக்கு, ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்தாள். எனக்கு ஒரே தம்பி. அவன் அப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. எங்கள் தாய்மாமன்தான் அவனுக்குப் போன் போட்டார். "மாப்ள, அம்மாவுக்குச் சீரியஸா இருக்கு. ஒடனே கெளம்பி வா."

மாமா சொன்னதை அவன் முழுதாக நம்பவில்லை. அடுத்த நிமிடமே என்னைக் கூப்பிட்டான். "அக்கா, நீ சொல்லு. இருக்காகளா?"

நான் அம்மாவின் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தேன். மாமா என் முகத்தையே பார்த்துக்கொண்டு கையை ஆட்டினார். "இருக்காகடா, கண்ணு முழிச்சுப் பாத்தாக" என்றேன். அவன் நம்பினான். நான் சொன்னதால் நம்பினான்.

சேலத்தில் ஒரு தடவை பேசினான், கரூரில் ஒரு தடவை. கரூரில் "ஏதாச்சும் சாப்ட்டாகளா?" என்று கேட்டான். "ரெண்டு வாய் கஞ்சி குடிச்சாக" என்றேன். அது யாரும் சொல்லச் சொல்லாத பொய். நானாகச் சேர்த்தது. ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. அவன் குரலில் இருந்த பயத்தைக் கேட்க முடியவில்லை, அவ்வளவுதான்.

சாயங்காலம் அல்லிநகரத்தில் எங்கள் தெரு முனையில் வந்து இறங்கினான். ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்னால் வீட்டில் குளித்துவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறான். பந்தலையும் பிளாஸ்டிக் நாற்காலிகளையும் பார்த்து அங்கேயே நின்றுவிட்டான். அவன் கையில் ஒரு புதுப் பிளாஸ்க் இருந்தது. நான் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தேன். என் கையை விலக்கிவிட்டு உள்ளே போனான். காரியம் முடிந்து போகும்வரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கப்புறம் போனில் பேசியதெல்லாம் "ம்", "சரி", "அப்பா நல்லாருக்காகளா" என்பதோடு சரி.

இரண்டு வருடம் கழித்து அப்பாவுக்கு மூச்சுத்திணறல் வந்தது. தேனியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மறுநாள் காலையில் டாக்டர் வெளியே வந்து, "சீரியஸ்தாம்மா. சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிருங்க" என்றார்.

தம்பிக்குப் போன் போட்டேன். "தம்பி, அப்பாவுக்குச் சீரியஸா இருக்குடா. வா."

"எத்தன மணிக்கு?" என்று மட்டும் கேட்டான்.

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பதறிப்போனேன். "ஏலே, உசிரோடதாண்டா இருக்காக! நெசமா. சத்தியமாச் சொல்றேன். சீரியஸாச் சொல்றேன்டா!"

"கஞ்சி குடிச்சாகளா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டான்.

என்னிடம் வேறு வார்த்தை எதுவும் மிச்சமில்லை. நெசமா, சத்தியமா, சீரியஸா எல்லாவற்றையும் சொல்லியாகிவிட்டது. அப்பாவைப் படம் எடுத்து அனுப்பலாம் என்று தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவைத் தட்டினேன். குமுளிப் பக்கத்து மலையாள நர்ஸ் ஒருத்தி எட்டிப்பார்த்து, "சேச்சி, உள்ள போன் பாடில்லா" என்று, கூடாதெனக் கையை ஆட்டிக் கதவைச் சாத்திவிட்டாள். தம்பியின் போன் அணைந்து கிடந்தது. அவன் அங்கே பஸ்ஸில் மனசுக்குள் அப்பாவை எரித்துக்கொண்டு வருவான், இங்கே அப்பா மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார்.

நாலு மணிக்குப் பார்வையாளர் நேரம். வராந்தாவில் நின்றிருந்தேன். தம்பி படியேறி வந்தான். கண் இரண்டும் வீங்கியிருந்தன. கையில், செய்தித்தாளில் சுற்றி நூல் கட்டிய பெரிய பொட்டலம். ஓரத்தில் ரோஜா இதழ்கள் பிதுங்கிக்கொண்டிருந்தன. திண்டுக்கல்லில் இறங்கி, ஆளுயர மாலை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான்.

"எங்கன வச்சிருக்கீக?" என்றான்.

இனிச் சொன்னாலும் நம்ப மாட்டான். கதவைக் காட்டினேன். மாலையை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்ற புத்தி எனக்கு வரவில்லை, அதோடு போகக் கூடாது என்ற புத்தி அவனுக்கும் இல்லை. நான் பின்னாலேயே ஓடினேன்.

அப்பா கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தார். பிறகு பொட்டலத்தைப் பார்த்தார். அதற்குள் பேப்பர் கிழிந்து முக்கால் மாலை வெளியே தொங்கியது. முகத்தில் இருந்த மாஸ்க்கைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, "யாருக்குடா மால?" என்றார்.

தம்பி தொண்டையைச் செருமினான். "ஆத்தாளுக்குப்பா. வீரபாண்டி ஆத்தாளுக்கு நேந்துக்கிட்டேன்."

அப்பா மாலையை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "எனக்கு அளவெடுத்த மாதிரில்ல இருக்கு" என்றார்.

தம்பி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். அவன் அழுகிறானா சிரிக்கிறானா என்று நர்ஸுக்குப் புரியவில்லை. எனக்கும்தான்.

சொன்ன பொய்யை மெய்யாக்க வேண்டுமே. அன்றைக்குச் சாயங்காலமே என் வீட்டுக்காரரை அப்பாவுக்குத் துணையாக விட்டுவிட்டு, இரண்டு பேரும் மாலையோடு வீரபாண்டிக்குப் பஸ் ஏறினோம். அம்மனுக்குச் சாத்தச் சொல்லிக் கொடுத்துவிட்டு ஆற்றுப் படியில் உட்கார்ந்தோம். முல்லையாற்றில் தண்ணீர் நிறைய ஓடியது. அங்கேதான் அவன் வாயைத் திறந்தான்.

"அன்னைக்கு பிளாஸ்க் வாங்குறப்ப, கடக்காரர்கிட்ட எங்கம்மாவுக்குன்னு சொன்னேங்க்கா. கஞ்சி குடிச்சாகன்னு நீ சொன்னேல்ல, அந்தச் சந்தோசத்துல வாங்குனேன். நீங்க எல்லாரும் இங்கன சேந்து அழுதுக்கிட்டிருந்தீக. நான் மட்டும் பஸ்ல சிரிச்ச மொகமா வந்தேன். எங்கம்மா செத்த அன்னைக்கு நான் சிரிச்சுருக்கேன்."

இரண்டு வருடமாக அவன் என்மேல் கோபமாக இருக்கிறான் என்றுதான் நினைத்திருந்தேன். அவன் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தான் என்பது எனக்குத் தெரியாது. செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. "மன்னிச்சுருடா" என்றேன்.

"அடுத்த தடவ உள்ளத உள்ளபடி சொல்லு" என்றான். அடுத்த தடவை என்றால் எது என்று இரண்டு பேருக்கும் தெரியும். சரி என்று தலையாட்டினேன்.

அப்பா பிழைத்து வீட்டுக்கு வந்தார். ஒரு வருடத்துக்கு மேல் எங்களைக் கிண்டல் செய்துகொண்டு இருந்தார். தம்பியின் போன் வந்தால், "நான் சீரியஸா இல்லைன்னு சொல்லு. அவசரப்பட்டுப் பூக்கடைக்குப் போயிறப் போறான்" என்பார். தம்பி அந்தப் பக்கம் சிரிப்பான். அந்த வருடம் நாங்கள் நிறையப் பேசினோம்.

ஒரு மாசி மாதக் காலையில், காப்பி குடித்துவிட்டுச் சாய்ந்த அப்பா எழுந்திரிக்கவில்லை. செய்தி கேட்டு மாமா வந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தனியா வர்ற பய. சீரியஸுன்னு மட்டும் சொல்லு தாயி, போதும்" என்றார்.

நான் போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனேன். "தம்பி, அப்பா போயிட்டாகடா" என்றேன்.

கம்பெனி மிஷின் சத்தத்துக்கு மேலே அவன் கத்தி அழுதான். யாரோ ஓடிவந்து "என்னாச்சு, என்னாச்சு" என்று கேட்டார்கள். நான் என்ன செய்வதென்று தெரியாமல் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சீரியஸ் என்று சொல்லியிருந்தால் போனை வைத்துவிட்டு என் வேலையைப் பார்க்கப் போயிருக்கலாம். அந்த வார்த்தை வருகிறவனை மட்டும் காப்பாற்றவில்லை, சொல்கிறவர்களையும் சேர்த்தே காப்பாற்றியிருக்கிறது. உண்மையைச் சொன்ன பிறகு போனை வைக்க முடியாது.

நான் வைக்கவில்லை. அவன் ரூமுக்குப் போய்ச் சட்டை மாற்றும்போதும், பஸ் ஏறும்போதும் லைனிலேயே இருந்தேன். வழியில் சிக்னல் போகும், மறுபடி நான் கூப்பிடுவேன். அப்பாவுக்கு என்ன வேட்டி கட்டியிருக்கிறோம், யார் யார் வந்திருக்கிறார்கள், எல்லாவற்றையும் சொன்னேன். அத்தை ஒருத்தி என்னைத் தேடிக்கொண்டு கொல்லைக்கே வந்துவிட்டாள். "பெத்த தகப்பன் அங்கன கெடக்குறாக. நீ இங்கன போனு பேசிக்கிட்டுத் திரியிறியே, ஆத்தா!" என்று சத்தம் போட்டாள். வைதால் வைதுவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிட்டேன்.

திண்டுக்கல் தாண்டியதும் இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இல்லை. போன் மட்டும் காதில் இருந்தது. அவன் பஸ்ஸில் அழுதான், நான் அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்து அழுதேன்.