உடுக்கை அடித்துப் பார்த்து வாங்கிய டேப் ரிக்கார்டர்

எங்கள் லக்ஷ்மிபாய் நகர் முதியோர் வகுப்பின் கையெழுத்துப் பத்திரிகைக்காக இதை எழுதுகிறேன். டில்லியில் டேப் ரிக்கார்டர் வாங்கப் போகிறவர்களுக்கு உதவும். வீட்டில் சினிமாப் பாட்டு கேட்க வாங்குகிறவர்கள் எந்தக் கடையிலும் வாங்கலாம், இதைப் படிக்க வேண்டியதில்லை. ஒருவர் எதிரே உட்கார்ந்து பாட, கூடவே தாளமும் அடிக்க, அதை அப்படியே கேசட்டில் பிடிக்க வேண்டும் என்கிறவர்களுக்குத்தான் இது. நான் மெதுவாக எழுதுகிறவன். எழுத எழுதச் சந்தோஷமாக இருப்பதால் கொஞ்சம் நீண்டுவிட்டது.

நான் வாங்கப் போன காரணத்தை முதலில் சொல்கிறேன். என் மனைவி அஞ்சலையின் தம்பி குப்பன், யமுனைக்கு அந்தப் பக்கம் மயூர் விஹாரில் அடுக்கு வீடுகள் கட்டும் இடத்தில் வேலை செய்கிறான். அவர்கள் ஊர் திண்டிவனத்துப் பக்கம். ஊர் அம்மனுக்கு ஆடியில் திருவிழா. முதல் நாள் இரவு, உடுக்கை அடித்து அம்மன் பிறந்த கதையைப் பாடித் தொடங்குவது அவர்கள் குடும்பத்து முறை. வருடா வருடம் குப்பன் ரயிலேறிப் போய்ப் பாடிவிட்டு வருவான். இந்த வருடம் வைகாசியில் சாரத்திலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டான். இடுப்புவரை மாவுக்கட்டு.

அந்தக் குடும்பத்தில் வேறு யாருக்கும் பாட வராது. கீழத்தெரு ஏழுமலை நன்றாகப் பாடுவார், அந்த முறை தனக்கு வர வேண்டும் என்று பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருப்பவர். ஒரு தடவை கைமாறினால் திரும்பி வராது. ஊர்ப் பெரியவர்கள் ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்கள்: "குப்பன் பாட்டைக் கேசட்டில் அனுப்பட்டும், ஒலிபெருக்கியில் போடுகிறோம். ஆனால் வார்த்தை வார்த்தையாகப் புரிய வேண்டும். புரியாவிட்டால் அங்கேயே ஏழுமலை எழுந்து பாடுவார்."

என் மகனிடம் ரேடியோவும் டேப்பும் சேர்ந்த ஒரு டூ இன் ஒன் இருந்தது. அதில் பிடித்தோம். போட்டுக் கேட்டால், உடுக்கை ஒவ்வொரு தடவை விழும்போதும் குப்பன் குரல் அமுங்கிப் போகிறது. பிறகு மெதுவாக மேலே வருகிறது. அடுத்த அடிக்கு மறுபடி அமுங்குகிறது.

"இன்னாய்யா இது, என் தம்பி கெணத்துக்குள்ள எறங்கி ஏறிப் பாடுறானா?" என்றாள் அஞ்சலை.

அவளுக்குத் திங்கட்கிழமை சாயங்கால ரயிலில் டிக்கெட் எடுத்தாயிற்று. கேசட்டைக் கொண்டுபோக வேண்டியவள் அவள். அதற்குள் வேறு மெஷின் வாங்கி, பாட்டைப் பிடித்து, அவள் கையில் கொடுத்தே தீர்வது என்று முடிவு செய்தேன். கொத்து வேலையில் சேர்த்த பணத்தில் ஆயிரத்து இருநூறு ரூபாய் எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை செங்கோட்டைப் பக்கத்துக் கடைகளுக்கு விடுமுறை. ஆகவே அன்று மயூர் விஹார் போய்க் குப்பனின் உடுக்கையை வாங்கி வந்தேன்.

"அத்த வெச்சி கடையில இன்னா பண்ணப் போற, மாமா?"

"பாடிப் பாத்து வாங்கப் போறன்."

"உன் கொரலுக்கா? மெஷினு எகிறிக் குதிச்சி ஓடிடும்."

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு லக்ஷ்மிபாய் நகரில் பஸ் ஏறினேன். செங்கோட்டைக்குச் சுமார் பதினொரு கிலோமீட்டர், டிக்கெட் ஒரு ரூபாய். ஒன்பது மணிக்கே இறங்கிவிட்டேன். இது என் தவறு. எதிரே இருக்கும் லாஜ்பத் ராய் மார்க்கெட்டில் பத்தரைக்கு முன்னால் கடை திறப்பதில்லை. போகிறவர்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் போகலாம்.

முதல் கடையில் பெட்டி பெட்டியாக டூ இன் ஒன். பாட்டுக்குத் தகுந்தபடி சிவப்பு விளக்கு ஓடுகிறது. கடைக்காரர் இந்திப் பாட்டு ஒன்றைப் போட்டுக் கூரை அதிர வைத்தார். "ஜப்பான் மால், பாபா" என்றார், ஜப்பான் சரக்காம். "இது பாடுறது இருக்கட்டும், நான் பாடினா பிடிக்குமா?" என்று கேட்டேன். பையிலிருந்து உடுக்கையை எடுத்து நாலு அடி அடித்தேன்.

அவ்வளவுதான், கூட்டம் சேர்ந்துவிட்டது. டில்லியில் இதே மாதிரி சின்னதாக ஒன்றை ஆட்டிக்கொண்டு குரங்கு வித்தைக்காரர்கள் வருவார்கள். மூட்டை தூக்குகிறவர், சர்பத் விற்கிறவர், சாமான் வாங்க வந்தவர் எல்லாரும் நின்று என் காலடியைச் சுற்றிப் பார்த்தார்கள். "பாபா, பந்தர் கிதர்?" என்று ஒருவர் கேட்டார். குரங்கு எங்கே என்கிறார்.

"குரங்கு மயூர் விஹார்ல காலை ஒடிச்சிக்கிட்டுப் படுத்திருக்கு" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். நான் விடாமல் பாடி, அடித்து, பிடித்து, போட்டுக் கேட்டேன். அதே கிணறுதான். இரண்டாவது கடையிலும் அப்படியே. மூன்றாவது கடைக்காரர் உடுக்கையைப் பார்த்ததும் "ஜாவ், ஜாவ்" என்று கையை ஆட்டினார்.

உள்சந்தில் நாலாவது கடை. அங்கே ஒரு சர்தார்ஜி ரேடியோவைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். அவரும் குரங்கைத்தான் முதலில் கேட்டார். ஆனால் நான் பாடியதை முழுதாகக் கேட்டார். பிறகு விளக்கினார். இந்தியில் அவர் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்:

"இந்த மெஷினுக்குள்ள ஒரு காவல்காரன் இருக்கான், பாபா. சத்தம் பெரிசா வந்தா கதவைச் சாத்துவான். சின்னதானா திறப்பான். பேச்சுக்கு அது அச்சா. நீங்க டமரு அடிச்சதும் சாத்திடுறான், பாட்டும் வெளியில நின்னுடுது."

"அப்படீன்னா காவல்காரன் இல்லாத மெஷின் குடுங்க."

"அவன் இல்லைன்னா நீங்கதான் கதவுகிட்ட உட்காரணும்."

"உட்கார்றேன். வேற என்ன வேலை எனக்கு?"

இரண்டு எடுத்து வைத்தார். ஒன்று பெரியது, இரண்டு பக்க ஒலி, ஐந்து கிலோ எடை, இரண்டாயிரத்து நானூறு ரூபாய். அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். மற்றது இரண்டு செங்கல்லைப் பக்கத்தில் வைத்த அளவு, தோள்பையில் அடங்குவது, கைமாறி வந்தது. அதில் ஒரு விசை. ஒரு பக்கம் தள்ளினால் காவல்காரன், மறு பக்கம் தள்ளினால் நம் கை. கையால் திருகும் திருகாணியும், சத்தத்துக்கு ஆடும் முள்ளும் இருந்தன. உடுக்கையைப் பலமாக அடித்து, முள் சிவப்புக் கோட்டைத் தொடாமல் கிட்டே போகும் இடத்தில் திருகாணியை நிறுத்தச் சொன்னார். பிறகு அதைத் தொடவே கூடாது. பிடித்துப் போட்டார். என் குரல் மோசமாகத்தான் இருந்தது, ஆனால் அமுங்கவில்லை. எண்ணூற்று ஐம்பதுக்கு முடித்தேன்.

மைக்கில்தான் பலர் ஏமாறுவார்கள். மெஷினிலேயே இருக்கும் மைக் வேண்டாம். அது மெஷின் சுற்றும் சத்தத்தையும் சேர்த்துப் பிடிக்கும். தனி மைக்கில் இரண்டு வகை காட்டினார். ஒன்று நாலு பக்கமும் கேட்கும். மற்றது எதிரே இருப்பதை அதிகமாகவும் பின்னால் இருப்பதைக் குறைவாகவும் கேட்கும். நான் மைக்கைச் சுற்றி நடந்துகொண்டே பேசி, பிடித்துக் கேட்டு, இரண்டாவது வகையை எடுத்தேன். ஐந்து மீட்டர் ஒயரோடு நூற்று அறுபது. கேசட் அறுபது நிமிடம் ஓடுவதாகப் பார்த்து இரண்டு. தொண்ணூறு நிமிடக் கேசட்டில் நாடா மெல்லிசு, சிக்கிக்கொள்ளும் என்றார்.

பொத்தான்களில் எல்லாம் ஆங்கிலம். எனக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும். ஒவ்வொன்றும் என்ன என்று அவரைக் கேட்டு, காகிதத் துண்டில் "பிடி", "நிறுத்து", "கை", "காவல்காரன்" என்று எழுதி அங்கேயே ஒட்டினேன். அவர் எட்டிப் பார்த்தார்.

"இது என்ன எழுத்து, ஜிலேபி மாதிரி?"

"ஜிலேபியேதான். அதான் எழுதும்போது இனிக்குது" என்றேன். மைக்குக்குப் பத்து ரூபாய் குறைத்துக்கொண்டார்.

பன்னிரண்டு மணிக்கு யமுனையைத் தாண்டும் பஸ். மழை பிடித்துக்கொண்டது. மெஷினை வேட்டித் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். நான் நனைந்தேன், அது நனையவில்லை. குப்பன் கொட்டகைக்குப் போனபோது மணி ஒன்றேகால். அஞ்சலை மூட்டை கட்டி வந்து உட்கார்ந்திருந்தாள். ஐந்து மணிக்கு ஆட்டோ பிடித்தால்தான் ரயில்.

தகரக் கூரையில் மழை விழும் சத்தத்தில் நாங்கள் பேசுவதே கேட்கவில்லை. மூன்று மணிவரை சும்மா உட்கார்ந்திருந்தோம். ஈரத்தில் உடுக்கையின் தோல் தொய்ந்துபோனது. அஞ்சலை ஸ்டவ்வைப் பற்றவைத்துத் தூரமாகப் பிடித்துக் காய்ச்சினாள்.

மழை விட்டதும் தொடங்கினோம். கரண்ட் இல்லை, புது செல் போட்டிருந்தேன். மைக்கைக் குப்பனின் முகத்துக்கு நேரே கட்டினேன். கேட்டால் உடுக்கைதான் பெரிதாக வந்தது, அது நெஞ்சுக்கு முன்னால்தானே இருக்கிறது? இடது கையில் உடுக்கை என்பதால் மைக்கை வலது பக்கம் மாற்றினேன். அதுவும் சரிவரவில்லை. சுருதி கேட்பதற்காகக் குப்பன் தலையை எப்போதும் உடுக்கைப் பக்கமே சாய்த்துப் பாடுவான். மைக்குக்குக் கிடைத்தது அவன் காதுதான்.

"தலையை இந்தப் பக்கம் திருப்பு மச்சான்."

"திருப்பினா எனக்குப் பாட்டு வராது மாமா. நீ வேணா மெஷினை நடக்கச் சொல்லு."

அஞ்சலை கூரைக் கம்பைக் காட்டினாள். "மேல கட்டுய்யா. அவன் அம்மனைக் கூப்புடுறப்போ மூஞ்சியை மேல தூக்குவான் பாரு."

உண்மைதான். இத்தனை வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், கவனித்ததில்லை. கம்பில் கயிறு கட்டி, அவன் நெற்றிக்கு மேலே ஒரு முழ உயரத்தில் மைக்கைக் கீழ்நோக்கித் தொங்கவிட்டேன். பிடித்துக் கேட்டோம். உடுக்கை கீழே, குரல் மேலே, வார்த்தைகள் தனித்தனியாக. மணி நாலு. இனிச் சோதனை கிடையாது, பாட வேண்டியதுதான்.

குப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினான். அம்மன் பிறந்து, தொட்டிலில் போட்டு, பெயர் வைக்கும் இடம் வந்தது. அப்போது கட்டட ஆட்களுக்கு டீ விற்கும் பையா கெட்டிலோடு வாசலில் வந்து நின்று "சாய், கரம் சாய்" என்று ராகமாகக் கூவினார்.

நான் நிறுத்தும் பொத்தானுக்குக் கையை நீட்டினேன். அஞ்சலை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். குப்பன் நிறுத்தவே இல்லை. அதே ராகத்தில், அதே தாளத்தில், "ருக்கோ பையா", அதாவது "நில்லு அண்ணே", என்று பாடிவிட்டு, அப்படியே அடுத்த அடிக்குப் போய்விட்டான். டீக்கார பையா கெட்டிலைக் கீழே வைத்துவிட்டு நின்று கேட்டார்.

பாட்டு முடிய, மறுபடி மழை பிடித்துக்கொண்டது. இன்னொரு தடவை பாட வழியில்லை.

"சாமி பாட்டுல சாயா வந்துடுச்சே" என்றேன்.

"வார்த்தை புரியுதா?" என்று கேட்டான் குப்பன்.

"அந்த வார்த்தையும் புரியுதே."

கேசட்டின் முதுகில் இருக்கும் இரண்டு சின்ன முளைகளை உடைத்தேன். உடைத்தால் அதன்மேல் யாரும் தவறிப் பதிய முடியாது. "குப்பன், முதல் பாட்டு" என்று எழுதி அஞ்சலையிடம் கொடுத்தேன். ஸ்டேஷனுக்கு ஆட்டோ பதினெட்டு ரூபாய். வழி முழுவதும் எனக்கு அந்தச் சாயாதான் காதில். ஏழுமலை அந்த இடத்தைப் பிடித்துக்கொள்வார் என்று நினைத்தேன்.

திருவிழா முடிந்து அஞ்சலை வந்து சொன்னது இது. கேசட்டைப் போடும் முன்பே ஏழுமலை எழுந்துவிட்டாராம். "இது எப்பவோ புடிச்ச பழைய பாட்டா இருக்கும். ஆளு இல்லாத பாட்டு முறையில சேருமா?" என்று கேட்டாராம். முதலில் கேட்கலாம் என்றார்களாம் பெரியவர்கள். பாட்டு வார்த்தை வார்த்தையாக வந்ததாம். நடுவில் ஒலிபெருக்கியில் "சாய், கரம் சாய்." ஊர் திகைத்துப்போய்ப் பார்க்க, உடனே குப்பனின் "ருக்கோ பையா." குழந்தைகள் முதல் பெரியவர்கள்வரை சிரித்திருக்கிறார்கள். பட்டாளத்தில் இருந்து வந்த ஒருவர் அதற்கு அர்த்தம் சொல்ல, இன்னொரு தடவை சிரித்தார்களாம்.

கடைசியில் ஏழுமலைதான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னாராம்: "அவனேதான்யா. சாமி எதிர்ல நின்னாலும் அந்த வாயி சும்மா இருக்காது. முழுசா ஓடட்டும், உக்காருங்க."

முறை கைமாறவில்லை. குப்பனுக்கு இதைச் சொன்னபோது அவன் சிரித்த சிரிப்பையும் பிடித்து வைத்திருக்கலாம். மெஷின் வீட்டில் இருந்தது.

ஆகவே வாங்கப் போகிறவர்கள் தங்கள் மேளத்தையோ தம்பூராவையோ கூடவே எடுத்துப் போங்கள். கடைக்காரர் போடும் பாட்டைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள், நீங்கள் பாடியதைப் போட்டுக் கேளுங்கள். குரங்கு எங்கே என்று கேட்பார்கள், பரவாயில்லை. கையால் திருகும் மெஷினாகவே கேளுங்கள். மைக்கை எங்கே கட்டுவது என்பதை, பாடுகிறவரோடு வளர்ந்த யாரையாவது கேளுங்கள். மழைக் காலத்தில் தகரக் கூரை வேண்டாம். பாட்டு நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது வாசலில் டீக்காரர் வந்தால் வரட்டும். நிறுத்த வேண்டாம்.