அத்தானின் பையை நான் திறக்கவில்லை

மூன்று வருடங்களுக்கு முன், ஆகஸ்ட் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. லண்டனில் எட்மண்டன் பக்கத்துப் பூங்கா ஒன்றில், எங்கள் ஊர்ச் சங்கங்கள் ஏழெட்டுச் சேர்ந்து நடத்தும் கோடை விழா. கொத்து ரொட்டிக் கடை, புடவைக் கடை, பாட்டு மேடை, ஒரு பக்கம் பிள்ளைகளுக்கு ஓட்டப்போட்டி என்று பூங்கா கொள்ளாத சனம் வரும். அந்த வருடம் வாசலில் நின்று பை பார்க்கும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். நான் விமான நிலையத்தில் பயணிகளின் பைகளைச் சோதிக்கிறவன் என்பதுதான் காரணம். வீடு ஹவுன்ஸ்லோவில். பதினாறு வருடமாக முன்பின் தெரியாதவர்களின் பைகளைக் கிளறித்தான் சோறு சாப்பிடுகிறேன்.

பூங்காவைத் தரும் உள்ளூர்க் கவுன்சில் அந்த முறை புதிதாக ஒரு நிபந்தனை போட்டிருந்தது. விழாவுக்குள் எந்த வகைத் துவக்கும், அதாவது துப்பாக்கியும், வரக்கூடாது. உண்மையானது மட்டுமல்ல, பார்வைக்குத் துவக்குப் போல இருக்கிற எதுவும் கூடாது. விளையாட்டுத் துவக்கு, தண்ணீர் பீய்ச்சும் துவக்கு, நாடகத்துக்குச் செய்த மரத் துவக்கு, சத்தம் மட்டும் போடும் துவக்கு எல்லாம் அடக்கம். சங்கத்துக்காரர் இதை வாட்ஸ்அப் குழுவில் போட்ட அன்றே தீப்பற்றிக்கொண்டது. "நாங்கள் என்ன பயங்கரவாதியளோ?" என்று ஒருவர். "துவக்குக்குப் பயந்து ஓடி வந்த சனத்திட்டப் போய் துவக்குக் கொண்டு வராதேங்கோ எண்டு போர்ட் வைக்கிறியளோ?" என்று இன்னொருவர். மற்றவர்கள் நடத்தும் பெரிய விழாக்களிலும் இதே விதிதான் இருக்கிறது என்று யாரோ பொறுமையாக எழுதினார்கள். அதை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை.

உண்மையைச் சொன்னால் எனக்கும் உள்ளுக்குள் எரிச்சல்தான். எங்களைப் பார்த்து இப்படி ஒரு போர்ட் வைக்கச் சொல்கிறார்களே என்று வீட்டில் மனைவியிடம் புறுபுறுத்தேன். ஆனால் ஏற்றுக்கொண்ட வேலையைச் செய்யத்தானே வேண்டும்?

என்னோடு வாசலில் நின்றது, என் வேலையிடத்தில் இருக்கும் ஒரு மதுரைப் பெண். நான் கூப்பிட்டேன் என்பதற்காகத் தன் லீவு நாளை விட்டுவிட்டு வந்திருந்தாள். காலை ஒன்பதரைக்கு வாசல் திறந்தோம். பத்து மணிக்குள் எங்களுக்குக் காது புளித்துவிட்டது. மேசைக்குக் கீழே வைத்த பெட்டியில் ஏழு தண்ணீர்த் துவக்கு, ஒரு கவ்போய்த் துவக்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு சண்டை. ஒரு தாய் வந்தார். கையில் சோப்புக் குமிழி விடும் ரோஸ் நிறத் துவக்கு. தங்கச்சி, போகும்போது திருப்பித் தருவோம் என்று நான் தன்மையாகத்தான் சொன்னேன்.

"இதுக்குள்ள என்ன குண்டே இருக்கு? சவுக்காரத் தண்ணி! ஒரு மஞ்சள் கோட்டைப் போட்டவுடன உங்களுக்கு ஆமிக்காரன் எண்ட நினைப்பு!"

வரிசையில் பின்னால் நின்ற சிலர் கைதட்டினார்கள். எனக்குச் சுள்ளென்று ஏறியது. ஊரில் போர்க்காலத்தில் ஆமிக்காரன் மறித்த வரிசைகளில் சைக்கிளை உருட்டிக்கொண்டு நின்று வளர்ந்தவன் நான். என்னைப் பார்த்து அந்தச் சொல்லை ஒரு குமிழித் துவக்குக்காகச் சொல்லிவிட்டாரே என்று வயிறு எரிந்தது. இனி யாரோடும் வாய் கொடுப்பதில்லை, பேசாமல் பையைத் திறப்பது, மூடுவது, அனுப்புவது என்று முடிவெடுத்தேன்.

அப்படி இருக்கும்போதுதான் அத்தான் வந்தார்.

அத்தான் என் மூத்த அக்காவின் கணவர். ஊரில் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியராக இருந்தவர். பிறகு இருபது வருடம் ஜெர்மனி. இப்போது லண்டனில் வீடுகளுக்கு டைல்ஸ் பதிக்கிறார். ஜெர்மன் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு, ஆங்கிலம் மட்டும் கடைசிவரை வாயில் ஏறவில்லை. என் கலியாணத்தில் அப்பாவின் இடத்தில் நின்றவர் அவர்தான். அவர் முன்னால் நான் இன்றுவரை கால் மேல் கால் போட்டு இருந்ததில்லை. விழாவில் ஓட்டப்போட்டியைத் தொடக்கி வைப்பது வருடா வருடம் அவர்தான்.

வெள்ளைச் சேர்ட், வெள்ளைத் தொப்பி, தோளில் ஒரு நீலப் பை. மேசையடியில் வந்து நின்று, பையின் ஸிப்பில் கையை வைத்தார். திறக்கத்தான் போனாரோ, அல்லது தயங்கினாரோ, எனக்குத் தெரியாது. நான் தெரிந்துகொள்ள விரும்பவும் இல்லை. இத்தனை சனத்துக்கு முன்னால் அத்தானின் பையைக் கிளறுவதா?

"நீங்கள் போங்கோ அத்தான். பரவாயில்லை" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். மதுரைப் பெண் என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, அவர் பையைப் பாக்கலையே?"

"அவர் எங்கட அத்தான், பிள்ளை."

"அத்தானா இருந்தா என்னண்ணே? பை பைதானே?"

நான் சிரித்துவிட்டு அடுத்த ஆளின் பையைத் திறந்தேன்.

பதினொரு மணியளவில் அந்தச் சத்தம் கேட்டது. ஒரே ஒரு வெடி.

பிறகு எங்களுக்குத் தெரிந்தது இதுதான். விசிலுக்கு ஓடுவதெல்லாம் ஓட்டமா என்று அத்தானுக்கு ஒரு வீறாப்பு. ஓட்டம் தொடங்கச் சுடுகிற சின்னத் துவக்கு ஒன்று ஜெர்மனியிலிருந்தே அவரிடம் இருந்தது. குண்டு வராது, சத்தமும் புகையும்தான் வரும். ஆனால் கறுப்பு நிறம், தூரத்தில் பார்த்தால் உண்மையான பிஸ்டல்தான். விழா முன்பு நடந்த பழைய இடத்தில், ஒரு மூலையில் நடந்த போட்டிகளில் அதைச் சுட்டிருக்கிறார், யாரும் ஒன்றும் சொன்னதில்லை. இந்த முறை ஓட்டப்பாதை உணவுக் கடைகளுக்குப் பக்கத்தில். தடை என்றால் சின்னப் பிள்ளைகளின் சாமான்களுக்கு, விளையாட்டு ஆசிரியருக்கு அல்ல என்று அவர் நினைத்திருக்கிறார்.

வெடி கேட்டதும் ஆறு வயதுப் பிள்ளைகள் ஒழுங்காக ஓடினார்கள். இங்கே பிறந்த பிள்ளைகள். விழுந்தது பெரியவர்கள். கொத்துக் கடைக்கு முன்னால் நின்ற ஆண்களும் பெண்களும் அப்படியே நிலத்தில் படுத்துவிட்டார்கள். நான் எப்போது புல்லில் குப்புறப் படுத்தேன் என்பது எனக்கே தெரியாது. மதுரைப் பெண் மட்டும் நின்றபடி, என்னண்ணே, என்னண்ணே என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த நிமிடம் படுத்தவர்கள் எல்லாம் எழும்பி வாசலை நோக்கி ஓடி வந்தார்கள். தள்ளுவண்டில் கவிழ்ந்தது. ஓர் அம்மா விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். நானும் அந்தப் பெண்ணும் தடுப்பு வேலிகளைப் பிடுங்கி எறிந்து வழி விட்டிருக்காவிட்டால் இன்னும் என்ன நடந்திருக்குமோ தெரியாது.

அந்த அமளியில் அத்தானின் நினைவே எனக்கு வரவில்லை. சனம் கொஞ்சம் குறைந்த நேரம் போலீஸ் வாகனங்கள் வந்து நின்றன. இறங்கியவர்கள் கையில் நீளத் துவக்குகள். யாரோ, ஓட்டப்போட்டிப் பக்கம், வெள்ளைச் சேர்ட் போட்ட மனிசன் என்று கைகாட்டினார்கள். அப்போதுதான் அந்த ஸிப்பும் அதில் வைத்த கையும் நினைவுக்கு வந்தன. அது ஓட்டத்துக்குச் சுடுவது, அவர் என் அக்காவின் கணவர் என்று ஆங்கிலத்தில் கத்திக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் ஓடினேன். விலகி நில் என்று ஒருவர் அதட்டினார்.

அத்தான் ஓட்டம் தொடங்கும் கோட்டடியிலேயே தனியாக நின்றார். துவக்கைப் பைக்குள் போட்டுவிட்டார், பை தோளில். சனம் ஏன் ஓடியது என்றே விளங்காத முகம். மூன்று துவக்குகள் அவருக்கு நேரே நீண்டன. கையைக் காட்டு, அசையாதே என்று மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஆங்கிலத்தில் கத்தினார்கள். அத்தானின் முகம் வெளிறியது. அவருடைய வலது கை மெல்ல எழும்பி, நெஞ்சுப் பக்கம், சேர்ட் பொக்கெற்றுக்குப் போனது.

அந்தப் பூங்காவில் அந்தக் கை எங்கே போகிறது என்று தெரிந்தவர்கள் எங்கள் ஆட்கள் மட்டும்தான். ஊரில் ஆமி துவக்கை நீட்டினால் அடையாள அட்டையை எடுத்து நீட்ட வேண்டும். ஐசி என்போம் அதை. மறந்துவிட்டு வீட்டை விட்டு வெளிக்கிட்டால் திரும்பி வருவது நிச்சயமில்லாத காலத்தில் பழகிய கை அது. ஊரில் உயிரைக் காப்பாற்றிய பழக்கம். ஆனால் லண்டன் போலீசுக்கு, சுட்டதாகச் சொல்லப்பட்ட ஒரு மனிதன் சட்டைக்குள் எதையோ எடுக்கப் போகிறான்.

"அத்தான்! ஐசி கேக்கேல்லை! ஒண்டையும் எடுக்காதேங்கோ! கையை மேல தூக்குங்கோ! ரெண்டு கையையும் தூக்குங்கோ!"

என் குரல் அப்படி ஒருநாளும் வெளிவந்ததில்லை. ஒரு போலீஸ்காரர் என் பக்கம் திரும்பி, வாயை மூடிக்கொண்டு நிலத்தில் படு என்று கத்தினார். முழங்காலில் விழுந்தேன். ஆனால் வாயை மூடவில்லை. ஐசி வேண்டாம் அத்தான், ஐசி வேண்டாம் என்று கத்திக்கொண்டே இருந்தேன். பொக்கெற்றுக்குள் இரண்டு விரல் போய்விட்டிருந்தது. அத்தான் என்னைப் பார்த்தார். பிறகு கை வெளியே வந்து மேலே எழும்பியது. வெறுங்கை.

அவரைக் குப்புறப் படுக்க வைத்து விலங்கு போட்டார்கள். அறுபத்து மூன்று வயது மனிதர், வெள்ளைச் சேர்ட் முழுக்கப் புல். என்னைக் கொதிக்க வைத்தது அதல்ல. சுற்றி நின்ற எங்கள் சனம்! மணிக்கட்டு முறிந்த அம்மாவுக்கு ஒரு கதிரை எடுத்துப் போட ஆளில்லை, நாற்பது ஐம்பது கை போனைத் தூக்கி அத்தானை வீடியோ எடுத்துக்கொண்டு நின்றது. வெட்கமாயில்லையோ உங்களுக்கு என்று நான் கத்தியதும் அந்த வீடியோவில் இருக்கிறதாம்.

இரண்டு மணிக்கு முன் விழாவையே மூடிவிட்டார்கள். மூன்று மணிக்கு வாட்ஸ்அப் மறுபடி பற்றியது. காலையில் தடையைத் திட்டியவர்களே இப்போது எங்களைத் திட்டினார்கள். வாசலில் நின்றவர்கள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்களாம், தெரிந்தவர்களை எல்லாம் சும்மா விட்டார்களாம். ரோஸ் நிறத் துவக்குத் தாய் நாலு நிமிடத்துக்குக் குரல்பதிவு போட்டார். தன் பிள்ளையின் சவுக்காரத் தண்ணியைப் பறித்தவர்களுக்குப் பிஸ்டல் கண்ணில் படவில்லையா என்று கேட்டார். கோபம் தலைக்கேறிப் போனை நிலத்தில் எறியப் போனேன். ஆனால் அவர் கேட்டதில் என்ன பிழை? அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் அத்தான் வீட்டுக்கு வந்துவிட்டார். விசாரணை மாதக்கணக்கில் இழுத்து, கடைசியில் எச்சரிக்கையோடு விட்டார்கள். அவர் வீடு வந்த அன்று நான் போனபோது அக்கா குசினிக்கும் ஹோலுக்குமாக நடந்து கத்திக்கொண்டிருந்தா.

"வாசல்ல நிண்ட விசரன் ஆர்? ஒரு பையைத் திறந்து பாக்கத் தெரியாதவனை ஆர் அதில விட்டது? பாத்திருந்தால் அங்கயே வாங்கி வச்சிருப்பாங்கள். என்ர மனுசனுக்கு நேர துவக்கு நீட்ட வந்திருக்குமோ?"

அத்தான் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "விடுமப்பா. பிழை என்னிலதான். அவங்கள் என்ன செய்யிறது?" என்றார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானும் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எழும்பி வந்திருக்கலாம். எழும்பத்தான் பார்த்தேன். கால் வரவில்லை.

"அக்கா, வாசல்ல நிண்டது நான்தான்."

அக்கா அப்படியே நின்றுவிட்டா.

"அப்ப ஏன்டா நீ பாக்கேல்லை?"

"அத்தானெண்டு..."

"அத்தானெண்டபடியால் பாத்திருக்க வேணுமேடா!" என்று கத்தி, சுவரில் சாய்ந்து அழத் தொடங்கினா. அத்தான் எழும்பிப் போய் அவவின் தோளைப் பிடித்தார்.

அதற்குப் பிறகும் விழா நடக்கிறது, நான் வாசலில் நிற்கிறேன், தடையைத் திட்டுகிறவர்கள் இன்னும் திட்டுகிறார்கள். அவர்கள் மேல் வரும் கோபம் பின்னேரத்துக்குள் ஆறிவிடுகிறது. அன்று முன்பின் தெரியாத ஆயிரம் பேருக்குக் காட்டிய அக்கறையை என் அத்தானுக்கு மட்டும் காட்டாமல் விட்டேன், விட்டதற்கு மரியாதை என்று பெயரும் வைத்தேன் என்பதை நினைக்கும்போது என் மேல் வருகிற கோபம் மட்டும் இன்றுவரை ஆறவில்லை.