திங்கட்கிழமை தவறாமல் வரும் ஒருவர்

அந்த லிஃப்ட் மெக்கானிக் எழுதும் வலைப்பூவை உலகத்தில் ஒரே ஓர் ஆள்தான் படித்துக்கொண்டிருந்தார். அந்த ஆள் யார் என்று தெரியாமல் மெக்கானிக் தவித்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலை, வேலைக்குக் கிளம்புமுன், சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து எழுத உட்காருவார். படிக்கிற புத்தகம், கைக்குப் புதிதாக வந்த கருவி, பார்த்த படம். வேறு எதுவும் எழுதமாட்டார். கடலுக்கடியில் தந்திக் கம்பி போட்டவர்களின் கதையில் நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தில் இருக்கிறேன் என்பார். சுவருக்குள் ஓடும் மின்கம்பியைக் கண்டால் கூவும் பேனா ஒன்று வாங்கினேன், அது ஃபிரிட்ஜைக் கண்டாலும் கூவுகிறது என்பார்.

இதையெல்லாம் ஒரு காலத்தில் அண்ணனிடம்தான் சொல்லிக்கொண்டிருந்தார். எது வாங்கினாலும் முதல் போன் அண்ணனுக்குத்தான். அம்மா இறந்தபோது, வெளியூரில் வேலையிலிருந்த அண்ணன் வந்து சேர ஒருநாள் தாமதமாகிவிட்டது. எல்லாம் முடிந்தபின் வாசலில் வந்து நின்றவரைப் பார்த்து, "இப்ப எதுக்கு வந்த? போயிடு!" என்று சொந்தக்காரர்கள் முன்னால் தம்பி கத்தினார். அண்ணன் செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிப் போனார். ஆயிற்று, ஒன்பது வருடம். சொல்ல ஆளில்லாத பேச்செல்லாம்தான் அந்த வலைப்பூவில் வந்து சேர்ந்தது.

பல வருடம் அதை யாரும் சீண்டவில்லை. இப்போது பதினான்கு வாரமாக, அவர் எழுதிப் போட்டதும் பார்வையாளர் எண்ணிக்கை ஒன்று ஏறுகிறது.

"நீங்களே பத்துத் தடவை திறந்து பாக்குறீங்க. அது உங்களைத்தான் எண்ணுது," என்றாள் மனைவி.

"போன வாரம் எழுதிப் போட்டதோட சரி, நான் தொடவே இல்ல. அப்பவும் ஏறிச்சு."

"யாராவது தெரியாம கையை வச்சிருப்பாங்க."

"பதினாலு திங்கக்கிழமையுமா? ஏழேகாலுக்கு டாண்ணு?"

"அப்ப எவளோ ஒருத்தி! லிஃப்டுல மாட்டிக்கிட்டவளை நீங்க போய்க் காப்பாத்தினீங்களா?"

"அப்படி ஒருத்தி இருந்தா உன்கிட்டயா வந்து கேப்பேன்?"

மனைவி சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை என்பதைக் கண்டதும் அவள் குரல் இறங்கியது.

"உங்க அண்ணனா இருக்கும்னு நினைக்கிறீங்க. அதானே? ஒரு போன் போட்டுக் கேளுங்களேன்."

"அது அண்ணன் இல்லேன்னா? கேக்காம இருக்குற வரைக்கும் அது அண்ணனா இருக்கலாம். கேட்டுட்டா, அதுவும் போயிடும்."

அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கிளம்புமுன் அன்றைக்கு அவர் எழுதிப் போட்டிருந்தது இதுதான்: மின்நூல் படிக்கும் கருவியில் பேட்டரி மாற்றப் பின்மூடியைத் திறந்தேன், கொக்கி உடைந்துவிட்டது. ஒரு தபால்காரனின் படம் பார்த்தேன். கடைசி வீடு வரை போய்விட்டு, கடிதத்தைக் கொடுக்காமல் திரும்பிவிடுகிறான். பயந்துவிட்டான் போலிருக்கிறது.

மத்தியானம், ஒன்பது மாடிக் கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறையில் கேபிளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோது போன் சிணுங்கியது. வலைப்பூவுக்கு முதல் பின்னூட்டம்! பெயர் இல்லை.

"இடது பக்கம் கத்தியை விட்டு நெம்பியிருப்பாய். உடையாமல் என்ன செய்யும்?"

மெக்கானிக் எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்துவிட்டு மறுபடி படித்தார். கத்தி என்றோ, இடது பக்கம் என்றோ அவர் எழுதவே இல்லை. பை நிறைய ஸ்குரூ டிரைவர் இருந்தும் வீட்டில் எதைத் திறந்தாலும் காய் நறுக்கும் கத்தியைத் தேடுகிறவர், அதையும் இடது கையால் பிடிக்கிறவர் அவர். ஏழு வயதில் அப்படிக் கத்தியால் டார்ச் லைட்டைப் பிரித்தபோது எதிரே உட்கார்ந்து திட்டியவர் உலகத்தில் ஒருவர்தான்.

ஒன்பது வருடமாக அழிக்காமல் வைத்திருந்த எண்ணை அழுத்தினார்.

"கத்திதானே?" என்றது அந்தக் குரல். நலம் விசாரிப்பு ஒன்றுமில்லை.

"கத்திதான்ணா."

"இடது பக்கம்?"

"ஆமா. அண்ணா, அன்னிக்கு வாசல்ல நான் உன்னை..."

"அதை விடு. அந்தப் படத்தை நானும் பார்த்தேன். அவன் பயந்து திரும்பலைடா. நீ தப்பா எழுதியிருக்க."

"பின்ன எதுக்குத் திரும்பினான்?"

"உள்ள இருந்து யாராவது கூப்பிடுவாங்கன்னு நின்னு பாத்தான். யாரும் கூப்பிடலை."

மெக்கானிக் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எண்ணெய்க் கையாலேயே கண்ணைத் துடைத்ததில் முகமெல்லாம் கறுப்பாயிற்று.

"இப்பக் கூப்பிடுறேன்ணா. வா."

"வெள்ளிக்கிழமை லீவு போடுறேன்," என்றார் அண்ணன், மெல்ல. "ஆனா வாசல்ல எல்லாம் நிக்கமாட்டேன். நேரா உள்ள வந்துடுவேன்."