அக்கா படித்தார், நான் கோலம் போட்டேன்

அக்காவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி அத்தான் கேட்டார். நல்லதையே எழுதுகிறேன். ஆனால் பொறாமையை மூடி வைத்துக்கொண்டு எழுத எனக்கு வராது.

அக்கா பிறந்தது பொன்மலை ரயில்வே குடியிருப்பில். எனக்கு மூன்று வயது மூத்தவர். எங்கள் தெருவில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் சேர்ந்த முதல் பெண் அவர்தான். வகுப்பில் மற்ற எல்லோரும் ஆண்கள். அவர்கள் இயந்திரத்தை ஓட்ட, அக்காவைப் பக்கத்தில் நிறுத்திக் குறிப்பெழுத வைத்தார்களாம்.

அவரைவிடக் கூடுதல் மதிப்பெண் வாங்கிக்கொண்டு நானும் இன்ஜினியரிங் கேட்டுப் போய் நின்றபோது அப்பா, "ஒருத்தி படிக்கிறதே போதும்மா, நீ பி.காம். சேரு" என்று முடித்துவிட்டார். அன்று எரிந்த வயிறு இன்னும் ஆறவில்லை.

அக்கா துவாக்குடியில் ஒரு சிறு தொழிற்சாலையில் சேர்ந்தார். அங்கும் அவர் ஒருவரே பெண். ஆயுதபூஜை வந்தால், "மேடம், கோலம் உங்க பொறுப்பு" என்பார்களாம். அக்காவுக்கு இயந்திர வரைபடம் வரும், கோலம் வராது. அன்றைக்குக் குடும்பத்தாரை உள்ளே விடுவார்கள் என்பதால் என்னைக் கூட்டிப் போவார். லேத் இயந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்து நான் கோலம் போடுவேன். "கிட்ட போகாதடி, கிரீஸ் ஒட்டிக்கும்" என்பார். ஒட்டினால் என்ன என்றிருக்கும் எனக்கு. கோலத்தை எல்லோரும் பாராட்டப் பாராட்ட எரிச்சல்தான் வரும்.

பெண்களுக்குக் கழிப்பறை இல்லாததால் மாலை வரை தண்ணீர் குடிக்காமலே வேலை பார்த்தவர் அக்கா. விடாமல் கேட்டுக் கேட்டு, கடைசியில் ஒன்றைக் கட்ட வைத்தார். அவரிடம் வேலை கற்ற ஆண்கள் அவருக்கே மேலாளரானார்கள். அதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசமாட்டார்.

அக்காவின் கடைசி நாட்களில், அவருடைய ஸ்ரீரங்கம் வீட்டில் கஞ்சி ஊட்டும்போது கேட்டேவிட்டேன்: "அன்னிக்கு எனக்காக அப்பாகிட்ட ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்லக்கா?"

"பேசினேன்டி. உன்னை அனுப்ப வேண்டாம்னு நான்தான் சொன்னேன். நான் படுறது போதும், நீயும் படணுமான்னு தோணிச்சு."

கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்து போனேன். சற்று நேரம் கழித்துத் திரும்பி வந்து மீதிக் கஞ்சியை ஊட்டினேன்.

அக்காவைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும், அடுத்த வீட்டாருக்கும், வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்த தொழிற்சாலை நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அந்த நண்பர்களில் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மேடம் ரொம்பக் கஷ்டப்பட்டாங்கம்மா" என்று அழுதார்.

தெரியும். அதில் பாதியை அக்கா எனக்குக் கொடுத்திருக்கலாம். வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டேன்.