செல்லம்மா நிறுத்திய மாத்திரை

மருந்துக் கடையில் நிற்கிறவனுக்குச் சீட்டைப் படித்தால் மட்டும் போதாது, சீட்டை நீட்டுகிறவரின் முகத்தையும் பார்க்க நேரம் வேண்டும். எண்பதுகளின் தொடக்கத்தில், திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் எனக்கு அந்த நேரம் இருந்ததில்லை. கவுண்டருக்குப் பின்னால் நின்றவர்களே, உங்களுக்குத் தெரியாததா?

குரல் வந்தது

செல்லம்மா நாகர்கோவில்காரி, கோயில் பக்கம் பூ விற்பவள். தைராய்டு குறைந்து, முகம் வீங்கி, தொண்டை கட்டி, "பிச்சி, முல்லை" என்று கூவ முடியாமல் உட்கார்ந்திருந்தாள். கூவாவிட்டால் பூ வாடும், வீட்டில் அடுப்பு எரியாது. தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை என்று டாக்டர் எழுதினார். நாலைந்து மாதத்தில் அவள் குரல் என் கவுண்டர் வரை கேட்டது. அப்பாடா என்றிருந்தது. ஒருநாள் ரிப்போர்ட்டை நீட்டினாள். நார்மல்.

"இனி மாத்திரை எதுக்கு அண்ணாச்சி? சொகமாயிட்டுல்லா!"

துலாபாரம்

அன்று கடையில் நல்ல கூட்டம். "நார்மல்னா நல்லதுதானே, எதுக்கும் டாக்டரைப் பாரு" என்றேன், தலையைத் தூக்காமலே. முன்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள். குரல் வந்தால் எடைக்கு எடை வாழைப்பழம் தருவதாகச் சாமிக்கு நேர்ந்திருந்தாளாம். தராசில் உட்கார்ந்து துலாபாரத்தை முடித்து, எனக்கும் ரெண்டு பழம் கொண்டுவந்தாள். மாத்திரை வாங்கலையா என்றேன். நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஐயோ அண்ணாச்சி! நேர்ச்சை முடிச்ச பொறவும் மருந்து தின்னா, சாமிய நம்பலன்னுல்லா ஆவும்?"

மறுபடியும்

சாமி விஷயம், நமக்கெதுக்கு வம்பு என்று பழத்தைத் தின்றுவிட்டுச் சும்மா இருந்தேன். என் தப்புதான். ரெண்டு மாதத்தில் முகம் மறுபடி ஊதி, குரல் கம்மி, பூக்கூடையோடு கடை வாசலில் சரிந்து உட்கார்ந்தாள். நானே டாக்டரிடம் கூட்டிப்போனேன். "நார்மல் ஆனதே மாத்திரையாலதான். உனக்கு இது தினமும் வேணும். கூட்டறதோ குறைக்கறதோ, ரத்தம் பார்த்து நான் சொல்றேன்" என்றார் அவர். திரும்பும் வழியில் செல்லம்மா கோயில் முனை வந்ததும் நின்றாள்.

"சாமிக்கே நேத்து போட்ட மாலைய இன்னைக்கு மாத்துதாவ. நான் மட்டும் தின்னவரைக்கும் போதும்னு இருந்துட்டேனே அண்ணாச்சி!"

மறுநாளும் அதே டாக்டர் வாசலில் போய் நின்றேன், செல்லம்மாவுக்காக அல்ல, பிரஷர் இறங்கிவிட்டதென்று நானாகவே நிறுத்தி வைத்திருந்த என் மாத்திரைக்காக.