மாப்பிள்ளையின் மூக்கு

அகமதாபாத்துக்காரரைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று மகள் சொன்னபோது நான் பயந்ததெல்லாம் மொழிக்கும் சாப்பாட்டுக்கும்தான். மூக்குக்குப் பயந்திருக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் மாமியார் மாப்பிள்ளையிடம் நேருக்கு நேர் பேசுகிற வழக்கம் கிடையாது. என் கணவர் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். என் அம்மாவோ, மாப்பிள்ளைக்குக் காபி வேண்டுமா என்று கேட்கச் சொல்லி என்னை விரட்டுவார். அதுதான் மரியாதை. நானும் அப்படியே இருந்தேன். நிச்சயத்துக்குப் பிறகு மாப்பிள்ளை மூன்று தடவை காரைக்குடிக்கு வந்தார். என்னிடம் பேசுவதற்காகவே தமிழ் வகுப்பில் சேர்ந்திருந்தாராம், பாவம். நான் கந்தரப்பமும் வெள்ளைப் பணியாரமுமாகச் சுட்டு அனுப்பினேனே தவிர, அடுப்படிக் கதவைத் தாண்டவில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் மகள் கண் கலங்கி வந்து நின்றாள்.

"ஏம்மா, உங்களுக்கு அவுகளப் பிடிக்கலையா? அவுக, அத்தைக்குத் தன்னைய ஆகாதுன்னே நெனைச்சுக்கிட்டு இருக்காக."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிடிக்காத ஆளுக்கா அத்தனை பணியாரம்?

அன்றைக்கே சம்பந்தியம்மாவும் தன் பங்குக்கு ஒரு குண்டைப் போட்டார். மாப்பிள்ளை வாசலுக்கு வந்ததும், பெண்ணைப் பெற்றவள் ஆரத்தி எடுத்துவிட்டு அவர் மூக்கைப் பிடித்து இழுக்க வேண்டுமாம். மாப்பிள்ளை தப்பப் பார்ப்பாராம். அவர்கள் பக்கத்தில் அது செல்லம். நேரில் பேசவே நான் தயங்குகிற மனிதரின் மூக்கையா? என் நாத்தனார் தான் வேண்டுமானால் பிடிப்பதாக ஆசையாக முன்வந்தார். பெற்றவள் கைதான் படவேண்டும் என்று சம்பந்தியம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

மறுநாள் கண்டனூரில் எங்கள் பூர்வீக வீட்டு வாசலில் மேளம் அமர்க்களப்பட்டது. ஆரத்தி எடுத்தேன். அவருடைய ஆட்கள் பின்னால் நின்றுகொண்டு விலகு விலகு என்று அவர்கள் மொழியில் கத்தினார்கள். ஆறடி ஆள், அண்ணாந்தாலே போதும், எனக்கு எட்டியிருக்காது. மாப்பிள்ளை விலகவில்லை. தடுப்பூசிக்கு நிற்கிற பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி குனிந்து முகத்தை நீட்டினார். அந்த முகத்தில் விளையாட்டே இல்லை. இந்த அம்மா தொடுவாளா மாட்டாளா என்ற கவலைதான் இருந்தது. எனக்கு நெஞ்சு இளகிப்போயிற்று. எட்டிப் பிடித்தேன். பதற்றத்தில் பலமாகவே இழுத்துவிட்டேன் போலிருக்கிறது, மூக்கு நுனி சிவந்துவிட்டது.

"வலிக்குதா மாப்பிள்ளை?"

என்னையறியாமல் நேராகவே கேட்டுவிட்டேன். நாத்தனார் என் முழங்கையில் இடித்தார்.

"வலிக்கல அத்தை," என்றார், மூக்கடைத்த குரலில். "பிடிச்சுக்கிட்டே பேசுங்க."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. என்னத்தைப் பேச? வாயில் வந்ததைக் கேட்டேன்.

"காலையில சாப்பிட்டீகளா?"