வாழைவெட்டுக்கு ஒரு பொலிஸ் கடிதம்

நான் புலம்பெயர்ந்து வந்து டண்டினொங்கில் ஓர் இறைச்சிக்கடையில் ஆடு வெட்டுகிறவன். வாரத்தில் ஆறு நாள் அதுதான் வேலை. நவராத்திரி வந்தால் அந்த ஒன்பது நாளும் வெட்டுவேன், ஆனால் வாயில் வைக்கமாட்டேன். பத்தாம் நாள் லீவு போட்டுவிட்டுக் கோயிலில் வாழை வெட்டுவேன்.

இதைக் கேட்டுச் சிரிக்கிற இந்தியத் தமிழர்கள் உண்டு. அவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் யாழ்ப்பாணத்துக் கோயில்களில் விஜயதசமியன்று வீதியில் ஒரு வாழைமரத்தை நட்டு வைப்போம். அதுதான் அசுரன். அம்மன் சுற்றி வந்து நிற்க, அம்மனுக்காக ஒருவர் அதை வெட்டுவார். ஒரே வெட்டில் விழவேண்டும். முன்பு இங்கே எங்கள் கோயில் ஐயர்தான் வெட்டினார். அவருக்குத் தோள்மூட்டு இறுகிப்போன வருடம், "நீர் வெட்டும், உமக்குக் கை பழக்கம்தானே" என்று என்னிடம் தந்தார். அதிலிருந்து நான்தான். மற்ற நாளெல்லாம் அந்தக் கோயிலில் நான் அண்டா கழுவுகிறவன், கார் நிறுத்த இடம் காட்டுகிறவன். அந்த ஒரு வெட்டுக்காக மட்டும் சனம் எனக்கு வழி விடும். எனக்கு அது பெரிய விஷயம். வெட்கப்படாமல் சொல்கிறேன்.

போன வருடம் அரசாங்கம் நீளக் கத்திகளைத் தடை செய்யப் போவதாக அறிவித்தது. பெடியன்கள் மச்செற்றியோடு திரிகிறார்கள், இனி அதை வைத்திருப்பதே குற்றம், இருந்தால் பொலிஸ் நிலையத்துக்கு வெளியே உள்ள பெட்டியில் போடுங்கள் என்றார்கள். சட்டம் சரி என்றுதான் நான் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். கத்தி சதையில் என்ன செய்யும் என்று எனக்குத் தெரிகிற அளவுக்கு அந்த அமைச்சருக்குத் தெரியாது. எனக்குக் கோபம் வந்தது சட்டத்தில் இல்லை, எங்கள் கோயில் செயலாளரில்.

அவர் மல்கிரேவில் பெரிய கந்தோரில் வேலை. பொலிஸ் என்ற சொல்லைக் கேட்டாலே பைல் எடுத்துக்கொண்டு ஒளிகிறவர். கோயில் குசினியில் நான் அண்டாவுக்குள் தலையை விட்டுத் தேய்த்துக்கொண்டு நிற்கும்போது வந்தார்.

"அண்ணை, இந்த முறை வெட்டு இல்லை."

"ஏன், அசுரன் லீவோ?"

"பகிடி விடாதேங்கோ. எங்கட கத்தி இரண்டடி. அது மச்செற்றிதான். பாண் வெட்டுற கத்தியால ஐயர் மெல்லமாத் தொட்டுவிடட்டும். மரத்தை முதலே அரைவாசி அறுத்து வைப்பம்."

"அரைவாசி செத்த அசுரனை அம்மன் வந்து என்ன செய்யிறது? அம்புலன்ஸுக்கு அடிக்கிறதோ?"

குசினியில் இரண்டு அன்ரிமார் மரக்கறி வெட்டுவதை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். செயலாளருக்கு முகம் சிவந்துவிட்டது. பொலிஸில் கேட்டுப் பார்ப்போம் என்றேன். கோயிலில் கத்தி இருக்கிறது என்று நாங்களே போய்ச் சொல்வதா என்றார். அப்படியென்றால் நான் போகிறேன் என்றேன்.

என் மனைவிக்கு என்னைத் தெரியும். வாசலில் மறித்தாள்.

"கத்தியைக் காட்டுறன் எண்டு காரில ஏத்தினியளோ?"

"இன்னும் இல்லை."

"இன்னும் இல்லையாம். படத்தைக் கொண்டு போங்கோ. கத்தியோட போனா உங்களை உள்ளுக்க போட்டிட்டுத்தான் அனுமதி தருவினம்."

போனில் படம் எடுத்துக்கொண்டு போனேன். சந்தனமும் குங்குமமும் வைத்து, சிவப்புப் பட்டில் படுத்திருக்கிற கத்தி. பொலிஸ் நிலையத்தில் இருந்தவர் ஒரு நடுவயதுப் பெண். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அந்தச் சிவப்பு என்ன என்றுதான் முதலில் கேட்டார். இரத்தம் இல்லை, பொட்டு என்றேன். பண்பாட்டு நிகழ்வுகளுக்கு விதிவிலக்குக் கேட்கலாம், என்ன நிகழ்வு, எங்கே, யார் கத்தியைத் தூக்குவது, எப்படிக் கொண்டுவருவது எல்லாம் எழுதி, விழா அறிவித்தலையும் சேர்த்து அனுப்புங்கள் என்றார். பத்து நிமிடத்தில் முடிந்த அலுவல். செயலாளர் இதற்கு மூன்று கிழமை நித்திரை கொள்ளவில்லையாம்.

ஆங்கிலக் கடிதத்தை அவர் எழுதினார். நல்ல கடிதம், அதில் குறை சொல்லமாட்டேன். தமிழ் அறிவித்தலை நான் செய்தேன். எனக்குத் தட்டெழுத வராது. விரல் தடிப்பு. போனைப் பார்த்துப் பேசினால் அது எழுதும். கடைக்குப் பின்னால் குளிர் அறை வாசலில் நின்று பேசினேன். கோயில் வாட்ஸ்அப்பில் போட்டேன். செயலாளரும் அதை அப்படியே எடுத்துப் பொலிஸுக்கு அனுப்பும் கடிதத்தோடு ஒட்டினார். அவரும் வாசிக்கவில்லை, நானும் வாசிக்கவில்லை.

பின்னேரம் போனைத் திறந்தால் ஒரே செய்தி.

"அண்ணை, ஆரைப் போடப் போறியள்?"

"பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வரலாமோ?"

"எங்கட வீட்டுக்காரரின்ர பேரையும் சேர்த்துக்கொள்ளுங்கோ."

யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். நாங்கள் ழகரத்தை ளகரமாகத்தான் சொல்லுவோம். வாழை எங்கள் வாயில் வாளை. நான் சொன்னது வாழைவெட்டு. போன் அதை வாளை என்று கேட்டு எழுதியது வாள்வெட்டு. ஊர்ப் பேப்பரில் வாள்வெட்டு என்றால் இரவில் முகத்தை மூடிக்கொண்டு மோட்டார்ச் சைக்கிளில் வந்து ஆளை வெட்டுவது. நான் அனுப்பிய அறிவித்தல் இதுதான்: "மாலை ஐந்து மணிக்கு ஆலய வீதியில் வாள்வெட்டு நடைபெறும். அனைவரும் குடும்பத்துடன் வருகை தரவும். தொடர்ந்து அன்னதானம்."

செயலாளர் போன் எடுத்தார். "பொலிஸ் இரண்டு பேரையும் வரட்டாம்" என்றார்.

மறுநாள் போனோம். அவர் கோட்டும் சூட்டும். நான் கடையிலிருந்து நேரே போனதால் ஆட்டு மணம். காரில் கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் ஓட்டினார்.

"பொலிஸில நான் கதைக்கிறன். நீங்கள் வாய் திறக்க வேண்டாம்."

"திறக்கேல்லை."

"பேரையும் மாத்துவம். கோயில் தலைவரின்ர பேரைப் போடுவம். இறைச்சிக்கடை ஆள் எண்டா ஒரு மாதிரி நினைப்பினம்."

வாய் திறந்திருந்தால் கெட்ட வார்த்தை வந்திருக்கும். என் பிழையால்தான் எல்லாம் வந்தது, அதனால் ஜன்னலைப் பார்த்தேன். பெயர் போனால் வெட்டும் போனது. இந்த வருடம் தலைவர் என்றால் அடுத்த வருடம் தலைவரின் மருமகன். அந்தக் கதிரைகள் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும்.

அதே பெண்தான் இருந்தார். அறிவித்தலின் மொழிபெயர்ப்பைத் தாளில் எடுத்து வைத்திருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"வெட்டுப்படப் போவது யார்?" என்று கேட்டார்.

"வாழைமரம்" என்றேன். வாய் திறக்கவேண்டாம் என்றவர் என் காலை மிதித்தார்.

செயலாளர் விளக்கத் தொடங்கினார். தமிழில் இரண்டு எழுத்து இருக்கிறது, ஒன்று இது, மற்றது இது என்றார். இரண்டையும் ஒரே மாதிரித்தான் சொன்னார். திரும்பவும் சொன்னார். திரும்பவும் ளதான். பல்கலைக்கழகம் போன மனிதர், வியர்த்துக்கொண்டு நாக்கை மடித்து மடித்துப் பார்க்கிறார், ழ வருகிறதில்லை. நானும் முயன்றேன். எனக்கும் வரவில்லை.

அந்தப் பெண் செயலாளரின் நாக்கு எங்கே மடிகிறது என்று உற்றுப் பார்த்தார். பிறகு தானே ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "வாழை."

சத்தியமாக, அச்சுப்பிசகாத ழ. இவர்கள் வாயில் இருக்கிற ஆங்கில ஆர் அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறதுபோல. செயலாளர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பெண்ணுக்கும் வந்துவிட்டது. அந்தத் தாளை நிலையத்தில் எல்லோரும் ஏற்கெனவே வாசித்துவிட்டார்களாம், அன்னதானம் என்ற இடத்தில்தான் மிகவும் சிரித்தார்களாம்.

செயலாளர் விடவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, கத்தி தூக்குகிறவரின் பெயரை மாற்ற விரும்புகிறோம் என்றார்.

"ஏன்?"

"இவர் இறைச்சி வெட்டுகிறவர்."

"மற்றவர் என்ன வேலை?"

"ஓய்வுபெற்ற கணக்காளர்."

"வாழ்க்கையில் நீளக் கத்தி பிடித்திருக்கிறாரா?"

"இல்லை."

அந்தப் பெண் பேனையை மூடினார். கூட்டத்துக்கு நடுவில் கத்தி வீசப் போகிறவர் கத்தி தெரிந்தவராக இருக்கவேண்டும், இவர் பெயரே இருக்கட்டும் என்றார். இந்த நாட்டுக்கு வந்து இத்தனை வருடத்தில் ஐயரைத் தவிர என் வேலைக்காக ஒருவர் என்னை முன்னுக்கு விட்டது அன்றுதான். இறைச்சி மணத்தோடு நிமிர்ந்து நின்றேன்.

திருத்திய அறிவித்தலை அனுப்ப, அனுமதிக் கடிதம் வந்தது. கத்தியைச் சுற்றிக் கட்டி, காரின் பின்பக்கத்தில் பூட்டிக் கொண்டுவரவேண்டும், அதில் பெயர் உள்ளவர் தவிர வேறு யாரும் தூக்கக்கூடாது. பெயர் என்னுடையது. ஐயர் அந்தக் கடிதத்தை அம்மன் காலடியில் வைத்து எடுத்தார்.

விஜயதசமி மாலை நல்ல குளிர். வாள்வெட்டுப் பார்க்க வந்தோம் என்று சொல்லிக்கொண்டு வழக்கத்தைவிட இரண்டு மடங்கு சனம். அம்மன் வந்து நின்றது. மேளம் ஏறியது. செயலாளர் பட்டு வேட்டியோடு முன்வரிசையில், மரத்துக்குப் பக்கத்தில், போனைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டு நின்றார். தள்ளி நில்லுங்கோ என்றேன். கேட்கவில்லை.

சரிவாக ஒரே வீச்சு. கத்தி மறுபக்கம் வந்துவிட்டது. மரம் அசையவில்லை. மேளக்காரரும் நிறுத்திவிட்டார்.

"விழேல்லை அண்ணை" என்றார் செயலாளர், எல்லோருக்கும் கேட்கும்படி.

"ஐயா, ஒருக்காத் தொடுங்கோ" என்றேன்.

ஐயர் நல்ல கையை நீட்டி ஒரு விரலால் தொட்டார். மரம் வெட்டிய சரிவில் வழுக்கி, செயலாளரின் மேலேயே சாய்ந்தது. அவர் இரண்டு கையாலும் அசுரனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். அரோகரா என்று சத்தம் போட வந்த சனம் சிரித்ததில் பாதிதான் போட்டது. பட்டு வேட்டி முழுக்க வாழைக்கயர்க் கறை. அது எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது.